அக்காவும் நானும் பழைய துணியும்: பாலராமபுரம், சாலைக் கம்போளம் போய் வந்தது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சனிக்கிழமை நானும் அக்காவும் மார்த்தாண்டத்திலிருந்து கேரள எல்லை தாண்டி, நெசவு ஊரான பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரத்தில் 'சாலை' என்று சொல்லும் பழைய சந்தையான சாலைக் கம்போளம் வரை போய்ப் பழைய துணி வாங்கி வந்தோம். அதில் கிடைத்த நேரியதை, அதாவது மேலுக்குப் போடும் துணியை, அக்கா அடுத்த வாரமே ஒரு கல்யாண வீட்டுக்கு உடுத்திப் போய்விட்டாள். அன்றிலிருந்து சொந்தக்காரர்களும் கூட வேலை பார்ப்பவர்களும் ஒரே கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

பழைய துணி என்றால், யாரோ உடுத்திக் கழித்ததையா வாங்கினீர்கள்?

சிலது ஆமாம், சிலது இல்லை. நாங்கள் தேடியது இரண்டு வகை. யாரோ உடுத்தி, துவைத்து, பெட்டியில் வைத்து, பிறகு வீடு விற்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ வெளியே வந்த துணி ஒன்று. இன்னொன்று கிடப்புச் சரக்கு. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் கடைக்கு வந்து, விற்காமல் பரணில் ஏறி, மடிப்புக் கலையாமல் அப்படியே கிடப்பது. இதற்கு விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் யார் உடுத்தியதோ என்ற யோசனை வேண்டாம்.

அக்காவுக்கு முதல் வகைதான் பிடிக்கும். "உடுத்தி உடுத்தி மெத்துன்னு ஆயிருக்கு பாருலே, இது புதுத்துணியில வருமா?" என்பாள்.

எப்படிப் போனீர்கள்?

காலையில் குழித்துறையில் பாசஞ்சர் ரயில். பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை தாண்டினால் பாலராமபுரம். இந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 1979-இல். அதற்கு முன் பாட்டி காலத்தில் எல்லாம் பஸ்தான். இப்போதும் பஸ்ஸில் போகலாம், நேர் பஸ் கிடைக்காவிட்டால் களியக்காவிளையில் இறங்கி மாறி ஏற வேண்டியிருக்கும். வாங்கிய மூட்டையோடு திரும்பும்போது ரயில்தான் சுகம்.

துணிக்கு ஏன் பாலராமபுரம்? நேராகச் சாலைக்கே போயிருக்கலாமே?

போயிருக்கலாம். ஆனால் கண்ணைப் பழக்காமல் பழைய துணிக் குவியலுக்கு முன்னால் போய் நின்றால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். முதலில் நல்ல நெசவு எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். இது அக்காவின் கட்சி. நான் முதலில் முணுமுணுத்தேன், பிறகு ஒப்புக்கொண்டேன்.

பாலராமபுரத்து நெசவாளர்கள் சாலியர்கள். பாலராம வர்மா மகாராஜா காலத்தில், அதாவது சுமார் இருநூறு வருஷத்துக்கு முன், அரண்மனைக்குத் துணி நெய்வதற்காக நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அழைத்துக் குடியேற்றப்பட்டவர்கள். ஊர்ப் பெயரே அந்த ராஜாவின் பெயர்தான். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று தெருப் பெயர்களைக் கேட்டாலே நம் ஊர் மாதிரி இருக்கும். வெளியே மலையாளம், வீட்டுக்குள் தமிழ். நாங்கள் போன வீட்டில் ஒரு பெரியவர் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். மார்த்தாண்டம் என்றதும், "அப்ப நம்ம ஆளுகதான்" என்று தறியை நிறுத்திவிட்டார்.

அவர் ஒரு சேலையின் கரையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மேல்பக்கம் எப்படியோ அடிப்பக்கமும் அப்படியே. எது உள், எது வெளி என்று சொல்ல முடியவில்லை. அன்று முழுக்க நாங்கள் கடை கடையாகச் செய்தது அதைத்தான், எடுத்த துணியை எல்லாம் திருப்பிப் பார்த்தோம்.

கைத்தறியா விசைத்தறியா என்று வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

பின்பக்கம் நூல் பிசிறு வெட்டிவிட்ட மாதிரி நின்றால் பெரும்பாலும் விசைத்தறி. கைத்தறி என்றால் கரையோரம் ஊசியால் குத்தினாற்போலச் சின்னத் துளைகள் இடைவிட்டு இருக்கும். நெய்யும்போது துணி சுருங்காமல் அகலத்துக்கு இழுத்துப் பிடிக்கும் குச்சியின் முள் பதிந்த தடம் அது. பலமுறை துவைத்த துணியில் இது மறைந்துவிடலாம். அப்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இழை எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் இருக்காது. கைத்தறி முத்திரை ஒட்டியிருந்தால் அது உறுதி. ஆனால் அந்த முத்திரை வந்ததே 2006-இல்தான், ஆகவே பழைய துணியில் அதைத் தேடாதீர்கள்.

முண்டும் நேரியதும், செட்டு முண்டு, கசவுச் சேலை எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. கசவு என்பது பொன்னிற ஜரிகைக் கரை; கசவுச் சேலை ஒரே துண்டு. முண்டும் நேரியதும் இரண்டு துண்டு: இடுப்புக்கு முண்டு, மேலுக்கு நேரியது. இரண்டையும் ஜோடியாக ஒரே கரையோடு நெய்து விற்றால் செட்டு. பழைய துணிக் கடையில் ஜோடி பிரிந்துதான் கிடைக்கும். முண்டு கிழிந்து கரித்துணியாகிப் போயிருக்கும், நேரியது தப்பித்திருக்கும். ஒற்றை நேரியது மலிவு என்பதற்கு அதுவே காரணம்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த மேல்துணி நம் பக்கத்தில் சும்மா கிடைத்ததில்லை. தோள்சீலைக்காக அடிபட்டு, வீடு எரிந்து, பல வருஷம் போராடித்தான் 1859-இல் திருவிதாங்கூர் மகாராஜா நாடார் பெண்கள் மேலாடை உடுத்த அனுமதித்துப் பிரகடனம் போட்டார். அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி வைத்துத்தான் கொடுத்தார்கள். எங்கள் பாட்டிக்கு அவளுடைய பாட்டி சொன்ன கதை இது. நேரியதை மடிக்கும்போது பாட்டி கைக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

சாலையில் பழைய துணிக்கென்று தனிக் கடை இருக்கிறதா?

பலகை மாட்டிய கடை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். சாலைக் கம்போளம் திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய சந்தை. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து அங்கே வியாபாரம் நடக்கிறது. அரிசி, மிளகாய், வெங்கலப் பாத்திரம், பூஜைச் சாமான், துணி எல்லாம் ஒரே நெரிசலில். தமிழ் வியாபாரிகள் நிறைய. பழைய ஜவுளிக்கடைகளில், முதலாளிக்கு வயதாகியிருந்தால், "பழைய ஸ்டாக் ஏதாவது மேலே கிடக்கா?" என்று கேளுங்கள். பையன் ஒருவன் ஏணி போட்டு ஏறுவான். தூசியோடு ஒரு கட்டு கீழே விழும். அதற்குள் என்ன இருக்கும் என்று கடைக்காரருக்கே தெரியாது. நான் இரட்டை வேட்டி எடுத்தது அப்படித்தான். உடுத்திய துணி விற்கும் மாடிக்கடைகளும் நடைபாதைக் குவியல்களும் கிழக்கேகோட்டைப் பக்கம் கண்ணில் பட்டன. இன்றைக்கு இருக்கும் குவியல் நாளைக்கு இருக்காது என்பதால் இடம் சொல்லிப் பயனில்லை.

அந்த நேரியது எப்படிக் கிடைத்தது?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

மாடிக்கடை ஒன்று. படி ஏறினால் பாச்சா உருண்டை வாடை மூக்கில் அடிக்கிறது. ஜன்னலோரம் வெள்ளைத் துணிக் குவியல், பெரும்பாலும் சாயம் மங்கிய முண்டுகள். நான் சட்டைப் பக்கம் போய்விட்டேன். கால் மணி நேரம் அக்காவிடமிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு துணியின் மூலையைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"லேய், இங்க வா."

நேரியதின் ஒரு மூலையில், உள்மடிப்பில், பட்டாணி அளவுகூட இல்லை, கறுப்பாக ஒரு குறி. மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. சலவைக்குப் போடுகிற வீடுகளுக்குச் சலவைக்காரர் வைக்கும் அடையாளம். சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டு வைத்துச் சுண்ணாம்பைத் தடவினால் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். துணி கிழியலாம், குறி போகாது. சின்ன வயதில் எங்கள் பாட்டி துணி எல்லாவற்றிலும் அது இருக்கும். எனக்கு மறந்தே போயிருந்தது.

"நம்ம வீட்டுக் குறி என்னன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எனக்கு எங்கே இருக்கிறது. "இதேதானா?" என்றேன்.

"நம்மது ரெண்டு புள்ளி ஒரு கோடு. இது மூணு. பக்கத்து வீடா இருக்கும்." சிரித்தாள். அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அது எந்த ஊர்ச் சலவைக்காரர் வைத்த குறியோ. ஆனால் அந்தத் துணியை அவள் கீழே வைக்கவில்லை. விரலளவுக் கசவுக் கரை, ஓர் இடத்தில் நூல் விட்டிருந்தது. நாலு இடத்தில் யாரோ தலைமுடி மாதிரி மெல்லிய நூலால் இழையோட்டித் தைத்திருந்தார்கள். அந்தத் தையல் தெரிவதற்கே ஜன்னல் பக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தது. கடைக்காரர் 600 சொன்னார். அக்கா நூல் விட்ட இடத்தைக் காட்டி 450-க்கு முடித்தாள். தைத்த இடங்களைக் காட்டவே இல்லை. ஏன் என்று படி இறங்கும்போது கேட்டேன். "அது குறை இல்லையே" என்றாள்.

கசவு அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

அசல் கசவு என்பது பட்டு நூல்மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்கமுலாம் ஏற்றியது. அடுத்தது செம்புக் கம்பி. கடைசி, மின்னும் பிளாஸ்டிக் இழை. பழைய துணியில் பார்ப்பது ஒருவகையில் எளிது, காலம் பாதி சோதனையைச் செய்து முடித்திருக்கும். வெள்ளி மங்கிக் கறுப்படிக்கும். செம்பு பச்சை பூக்கும். பிளாஸ்டிக் ஒன்றும் ஆகாது, வாங்கிய அன்றைக்கு மாதிரியே பளபளக்கும். ஆகவே நாற்பது வருஷப் பழசு என்று சொல்லிக் கண்ணைப் பறிக்கும் கரையைக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். துணியே பருத்தியா கலப்பா என்று சந்தேகம் வந்தால், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடை, பட்டு முடி கருகுகிற வாடை. பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும்.

எத்தனை வருஷப் பழசு என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

சட்டையில் உண்டு. காலருக்குள் தையற்கடைக்காரர் தைத்த துண்டைப் பாருங்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972-க்குப் பிந்தியது, பின்கோடு வந்ததே அந்த வருஷம் ஆகஸ்ட் 15-இல்தான். "மதராஸ்-1" என்ற மாதிரி ஊர்ப் பெயரோடு ஒரு சின்ன எண் மட்டும் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊர்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். திரிவேண்ட்ரம் 1991-இல் திருவனந்தபுரம் ஆனது, மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆனது என்றாலும், கடைக்காரர் பழைய லேபிள் கட்டு தீரும்வரை தைத்துக்கொண்டுதான் இருப்பார்.

கிடப்புச் சரக்கில் சில சமயம் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருக்கும். 3-8-0 என்று மூன்று எண்ணாக எழுதியிருந்தால் ரூபாய், அணா, பை என்ற பழைய காசுக் கணக்கு. ரூபாய்க்கு நூறு பைசா என்ற தசம நாணயம் வந்தது 1957-இல், அதற்கு முந்திய அல்லது அதையொட்டிய காலம் என்று கணக்குப் போடலாம். அப்படி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை, வயிற்றெரிச்சல்.

நாய்க்காது காலரும் டெரிகாட்டனும் சேர்ந்து வந்தால் எழுபதுகள். அதற்குச் சீட்டே வேண்டாம், அப்பாவின் கல்யாண போட்டோ போதும்.

பட்டுச்சேலை கிடைத்ததா?

நல்லது ஒன்றும் இல்லை. ஏன் கிடைக்காது என்று அக்காவிடம் கேட்டால் அவள் குரல் மாறிவிடும்.

தெருவில் "பழைய பட்டுச்சேலை எடுக்கிறது" என்று கூவிக்கொண்டு வருவார்களே, அவர்களுக்குச் சேலை தேவையில்லை. ஜரிகையில் இருக்கும் வெள்ளிதான் வேண்டும். சேலையைக் கொளுத்தி, சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்து எடுப்பார்கள். அம்மாவின் கல்யாணப் பட்டு அப்படித்தான் போனது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், அக்கா கல்லூரியில். சாயங்காலம் வந்து பெட்டியைத் திறந்தால் இல்லை. மடிப்பெல்லாம் இத்துப்போச்சு, சும்மா கிடந்ததுதானே, ஆயிரத்துச் சொச்சம் தந்தான் என்றாள் அம்மா. அந்தப் பணத்தில் மிக்ஸி வந்தது. மிக்ஸியும் இப்போது இல்லை. பழைய பருத்திக்கு இந்த ஆபத்து கிடையாது, அதற்குத் தெருவில் கிடைப்பது ஒரு ஸ்டீல் கிண்ணம்தான். அதனால்தான் பருத்தி மிஞ்சியிருக்கிறது.

உங்கள் வீட்டில் பட்டு இருந்தால், ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், ஜரிகைப் பாரத்தில் கிழியும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும். பாச்சா உருண்டையை ஜரிகையில் படும்படி போடாதீர்கள், வசம்போ காய்ந்த வேப்பிலையோ துணியில் முடிந்து வைத்தால் போதும்.

செத்துப்போனவர்கள் துணியாக இருந்தால்?

இருக்கும். நாலில் ஒன்றாவது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் வாங்க வேண்டாம், கிடப்புச் சரக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சின்னம்மை கேட்டபோது அக்கா, "பாட்டி கம்மல் உங்க காதுல கெடக்கே, அது மட்டும் என்னவாம்?" என்றாள். அதற்குப் பிறகு சின்னம்மை கேட்கவில்லை.

கறையும் வாடையும் போகுமா?

கறையைப் பொறுத்தது. இரும்புப் பெட்டியில் கிடந்த துணியில் துருக்கறை இருக்கும். வெள்ளைப் பருத்தி என்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காயப்போட்டு அலசுங்கள், இரண்டு மூன்று தடவையில் மங்கும். கசவுக்குப் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். ஈரத்தில் விழும் கரும்புள்ளி, மலையாளத்தில் கரிம்பன் என்பார்கள், அது ஆழமாக இறங்கியிருந்தால் முழுதாகப் போகாது. வாழைக்கறை போகவே போகாது. நம் ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வாடைக்கு இரண்டு நாள் நிழல் காற்று, அப்புறம் மெதுவாக ஓர் அலசல். முதல் நாளே வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணாதீர்கள்.

நீங்கள் ஏமாந்தது உண்டா?

ஒரு சட்டை. நல்ல நீலக்கட்டம், தேங்காய் ஓட்டுப் பொத்தான் மாதிரி இருந்தது, போட்டுப் பார்த்ததும் கழற்ற மனசில்லை. போட்டபடியே நடந்தேன். ரயிலில் மேல்தட்டில் மூட்டையைத் தூக்கி வைத்தபோது முதுகில் குறுக்காக ஒரு சாண் கிழிந்தது. டர்ரென்று சத்தம் பெட்டி முழுக்கக் கேட்டது. அக்கா நெய்யாற்றின்கரை வரை சிரித்தாள். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், நான் தோள்பட்டையையும் அக்குளையும் இழுத்துப் பார்க்கவில்லை. உடுத்திய சட்டை இத்துப்போவது அங்கேதான் முதலில். மெதுவாக இரண்டு கையாலும் இழுத்தால் இழை விலகுவது கண்ணுக்குத் தெரியும். இன்னொரு சட்டை நன்றாக இருக்கிறது. அது இறுக்கம்தான், ஆனால் பழைய தையற்காரர் உள்தையலில் ஒரு விரல் துணி விட்டிருந்தார், பிரித்து விட்டுக்கொண்டேன்.

மொத்தம் எவ்வளவு செலவு?

நேரியது 450, என் இரண்டு சட்டை 400, கிடப்புச் சரக்கு இரட்டை வேட்டி 900, பாலராமபுரத்தில் அக்கா எடுத்த புதுச் செட்டு 1,400. மதியம் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும், சாயங்காலம் பால்பாயசத்தில் முக்கிய போளியும் தனி. போளிக்காகவே திரும்பப் போகலாம்.

மலையாளம் தெரியாவிட்டால்?

சாலையில் தமிழ் போதும். வயதான கடைக்காரரைச் "சேட்டா" (அண்ணா) என்று கூப்பிட்டுவிட்டு மீதியைத் தமிழில் பேசுங்கள்.

எந்த நாள் போகலாம்?

ஞாயிறு வேண்டாம், பாதிக் கடை பூட்டியிருக்கும். ஓணத்துக்கு முந்திய இரண்டு வாரமும் வேண்டாம். கூட்டம் மட்டுமல்ல, நெசவாளருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்காது. கிளம்புவதற்கு முன்னால் அன்றைக்கு அங்கே ஹர்த்தால் (கடையடைப்பு) இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் இதை மறந்துவிட்டுப் பாறசாலையில் போய் நிற்பார்கள்.

தனியாகப் போகக் கூடாதா? அக்கா தங்கை அண்ணன் தம்பி யாராவது அவசியமா?

அவசியம் என்று இல்லை. நண்பர்கள் உடன் வந்தால் எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்பார்கள். அக்கா என்ன சொன்னாள் தெரியுமா, ஒரு பழுப்புச் சட்டையை நான் கண்ணாடிமுன் பிடித்துப் பார்த்தபோது? "அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப போட்டிருந்த மாதிரி இருக்கு, வேண்டாம்லே." நான் பேசாமல் அதை மடித்து வைத்துவிட்டேன். அவள் ஒரு மாம்பழ மஞ்சள் சேலையை எடுத்தபோது, எட்டாம் வகுப்பில் தமிழ் எடுத்த டீச்சர் மாதிரி இருக்கிறாய் என்றேன். அவளும் வைத்துவிட்டாள்.

அடுத்த தடவை எங்களையும் கூட்டிப் போவீர்களா?

அக்காவிடம் கேட்டேன். "அவங்க வந்தா குவியலை யார் முதல்ல பார்க்கிறதாம்?" என்றாள்.